எழுத்துப் பெட்டியை இழுக்காமல் அளந்து அமைத்த அனுபவம்

நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் வடிவமைத்தபோதுதான், இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் எழுத்து நிற்கும் பெட்டியை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது தெரிந்தது. தலைப்புகளை டைப் டூலால் ஒருமுறை சொடுக்கித் தட்டச்சு செய்திருந்தேன். உரையை, இழுத்து வரைந்த பெட்டிகளில் ஒட்டியிருந்தேன். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஆனால் முதலாவது, சொடுக்கிய புள்ளியிலிருந்து ஓடும் பாயின்ட் டைப் என்பதால், அதன் மூலையைப் பிடித்து இழுத்தால் எழுத்தே சப்பையாகிவிடும். இரண்டாவதான ஏரியா டைப்பிலோ பெட்டி மட்டும் மாறி, வரிகள் புதிய அகலத்துக்கு ஏற்ப மடங்கும். இதை அறியாமல் ஆறு தலைப்புகளை ஆறு விதமாக இழுத்துவைத்திருந்தேன். அனைத்தையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று.

அதன்பின் பெட்டிகளைக் கையால் இழுப்பதை நிறுத்திவிட்டு, டைப் மெனுவில் உள்ள ஏரியா டைப் ஆப்ஷன்ஸ் வழியாக அளவுகளைக் கொடுக்கத் தொடங்கினேன். பெட்டியின் அகலம் 120 மி.மீ., நெடுக்குப் பத்திகள் (காலம்) இரண்டு, நடுவில் கட்டர் எனும் இடைவெளி 6 மி.மீ. என்று கொடுத்தால் ஒவ்வொரு பத்திக்கும் 57 மி.மீ. கிடைக்கும். அங்கேயே ‘ஃபிக்ஸ்டு’ என்றொரு தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்திருந்தால், பெட்டியை அகலமாக்கும்போது பத்திகள் விரியாமல் அவற்றின் எண்ணிக்கைதான் கூடும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது முதல் வரி. அருகருகே இருந்த இரு பெட்டிகளின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் இருந்தும், எழுத்துருக்கள் வேறு என்பதால் முதல் வரிகள் ஏறியும் இறங்கியும் நின்றன. நான் பெட்டிகளையே மாற்றி மாற்றி நகர்த்திக்கொண்டிருந்தேன். காரணம், முதல் வரியின் அடிக்கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஃபர்ஸ்ட் பேஸ்லைன் என்ற இடத்தில் ‘அசென்ட்’ என்றிருந்ததுதான். அது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும் உயரத்தைக் கொண்டு முதல் வரியை நிறுத்துகிறது. அதை ‘லீடிங்’ என்று மாற்றி, இரண்டு பெட்டிகளுக்கும் 15 பாயின்ட் வரியிடைவெளி கொடுத்ததும் இரு வரிகளும் நேர்கோட்டில் வந்தன. மென்பொருள் தானாகத் தரும் வரியிடைவெளி எழுத்தளவில் 120 விழுக்காடு, அதாவது 10 பாயின்டுக்கு 12. மேலே புள்ளியும் இகர விசிறியும் கீழே உகரச் சுழிகளும் உள்ள தமிழுக்கு அது நெருக்கம் என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பதிவுக்கு மற்றோர் உறுப்பினரின் மறுமொழி:

என் அனுபவத்தில் பெரிய ஆபத்து, பெட்டியின் கீழ் வலது ஓரத்தில் தோன்றும் சிறிய சிவப்புக் கூட்டல் குறிதான். பிழைதிருத்தத்தில் ஒரு சொற்றொடர் நீண்டதால் கடைசி வரி பெட்டிக்குள் அடங்காமல் மறைந்துபோனது. அச்சிட்ட மாதிரியைப் படித்த பிறகே அதைக் கவனித்தேன். இப்போது அந்தக் குறியைச் சொடுக்கி, அடுத்த பக்கத்தில் இன்னொரு பெட்டி வரைந்து உரையைத் தொடரவிடுகிறேன். எழுத்தளவைக் குறைத்து உள்ளே திணிப்பதை அறவே கைவிட்டுவிட்டேன்.