சிகாகோ பில்சன்: இன்னும் மனத்தை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு

வைகைக்கரை:
ஐந்து வருடமாகிறது. ஜனவரி மாதம், காலை ஆறரை மணி. மெக்சிகோ மக்கள் நிறைய வாழும் பில்சன் பகுதி, 18ஆம் தெரு ரயில் நிலைய வாசலில் தமாலே (மட்டையில் பொதிந்து ஆவியில் வேகவைத்த மெக்சிகோ சோளமாவுப் பலகாரம்) விற்கும் அம்மா. ஐஸ்பெட்டிக்குள் துணி சுற்றி, ஆவி பறக்கும் சோளமட்டைப் பொட்டலங்கள். நான்கு வாங்கி, இருபது டாலரை நீட்டி, மீதி வேண்டாமென்று கைகாட்டிவிட்டு உள்ளே போனேன். டிக்கெட் தடுப்பைத் தாண்டுவதற்குள் மூச்சிரைக்க ஓடி வந்தார். மீதிப் பணத்தை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். பெட்டி தெருவிலேயே கிடந்தது. பிச்சை போடுவதுபோல் நடந்துகொண்டேனோ என்று இன்றுவரை உறுத்துகிறது.

மல்லிச்செடி:
அந்த அம்மா கோபப்பட்டிருக்க மாட்டார். கணக்கில் நேர்மையானவர், அவ்வளவுதான். எனக்கு நடந்தது 19ஆம் தெருவில், மெக்சிகன் கலை அருங்காட்சியகத்தில். அனுமதி இலவசம் என்பதால் குளிருக்கு ஒதுங்கினேன். இறந்த உறவினர்களை நினைத்து மெக்சிகோ மக்கள் கொண்டாடும் இறந்தோர் நாளின் படையல்கள்: புகைப்படம், ரொட்டி, ஒரு குவளைத் தண்ணீர், குவியலாகத் துலுக்கச் சாமந்தி. நம் ஊர்ப் பூ என்றே நினைத்திருந்தேன், மெக்சிகோவிலிருந்து வந்ததாம். அப்பா இறந்து நாற்பது நாள். விசா சிக்கலால் கொள்ளி வைக்கப் போக முடியவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற பாட்டி "பப்பா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். நான் நகரும்வரை அவரும் நகரவில்லை.

தாமிரபரணி:
மல்லிச்செடி, நேர்மை என்று சுருக்காதீர்கள், அது மானம். வாழ்ந்த இடத்தை ஒருமுறை பறிகொடுத்தவர்கள் அங்கே நிறையப் பேர். பில்சன் என்ற பெயரே முன்பு குடியிருந்த செக் மக்கள் வைத்தது. 1960களில் பல்கலைக்கழக வளாகம் கட்டுவதற்காகப் பக்கத்துப் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட மெக்சிகோ குடும்பங்கள் இங்கே வந்தன. இப்போது வாடகை ஏறி, இங்கிருந்தும் போகிறார்கள். நான் பார்த்தது புனித வெள்ளிச் சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்து சென்றதை நடித்துக்காட்டும் ஊர்வலம். 1977 முதல் 18ஆம் தெருவிலேயே நடக்கிறது. சிலுவை சுமந்த இளைஞனின் பாதம் குளிரில் நீலம் பாரித்திருந்தது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சில்லறை நோட்டு வைத்திருங்கள். தமாலே காலையிலேயே தீர்ந்துவிடும். சோளமட்டையை உரித்துவிட்டுச் சாப்பிடுங்கள். 16ஆம் தெரு ரயில்பாதைச் சுவரோவியங்களை நடந்தே பாருங்கள். விற்பவர்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். எந்த நாடு, எப்போது வந்தீர்கள் என்று யாரையும் விசாரிக்காதீர்கள். பலர் இங்கேயே பிறந்தவர்கள், மற்றவர்களுக்கு அந்தக் கேள்வி அச்சம் தரும்.

வைகைக்கரை:
மானம் என்பதுதான் சரியான சொல். போன மாதம் மீண்டும் போனேன். வாசலில் வேறொரு பெண் நின்றார். நான்கு வாங்கி, மீதியை எண்ணி வாங்கிக்கொண்டேன்.