82 மாடல் என்று சொல்லி விற்ற சைக்கிள்

குழு: தாத்தா வீடு

கார்த்தி: (3 படங்கள்) எல்லோரும் பாருங்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் போட்டு விற்றார். 40 டாலர்தான். ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் மலை சைக்கிள், 1982 மாடலாம்!

அம்மா: இருக்கிற இரண்டு சைக்கிள் போதாதா? கலர் கரப்பான் பூச்சி மாதிரி இருக்கிறது.

கார்த்தி: அவரே வீட்டில் அடித்த பெயின்ட் அம்மா. அதனால்தான் ஸ்டிக்கர் எதுவும் இல்லை.

வித்யா: ஸ்டிக்கரும் இல்லை, பேரும் இல்லை, வருடம் மட்டும் தெரியுமாமா? மலை சைக்கிள்களில் முதன்முதலில் பெரிய அளவில் தயாரித்து விற்றது ஸ்டம்ப்ஜம்பர்தான். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஒன்று வைத்திருக்கிறார்கள். பழைய மலை சைக்கிள் விற்கிற பாதிப் பேர் வாயில் அந்தப் பெயர்தான் வரும். பின் பிரேக்கைப் படம் எடுத்து அனுப்பு.

கார்த்தி: பின் பிரேக் எல்லா சைக்கிளிலும் இருக்கிற இடத்தில்தானே இருக்கும் அக்கா.

கார்த்தி: அட. மேலே காணோம். பெடலுக்குப் பின்னால், அடியில் தொங்குகிறது. (படம்)

வித்யா: 1982 போயிற்று.

கார்த்தி: ஒரு படத்திலேயேவா?

வித்யா: அது யு பிரேக். 1986 வாக்கில் வந்து, 89 முடிவதற்குள் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் கான்டிலீவர் என்கிற வகை பிரேக்தான், சக்கரத்துக்கு மேல் பக்கம். யு பிரேக்கைப் பெடலுக்குக் கிட்டே அடியில் வைத்தார்கள். செயின் தெறிக்கிற சேறு முழுக்க அங்கேதான் போய் அப்பும். கட்டை தேயத் தேய மேலே ஏறி டயரையே தின்னும். யாருக்கும் பிடிக்கவில்லை.

கார்த்தி: பிரேக்கைப் பின்னால் மாற்றியிருக்கலாமே? உள்ளே 82 ஃபிரேமாகவே இருக்கலாம் இல்லையா?

வித்யா: நல்ல கேள்வி. பிரேக்கை மாற்றலாம், பிரேக் மாட்டுகிற குமிழை மாற்ற முடியாது. அது ஃபிரேமோடு பற்றவைத்தது. கான்டிலீவர் குமிழ் ரிம்முக்கு உள்பக்கம் இருக்கும், யு பிரேக் குமிழ் ரிம்மைத் தாண்டி டயர் பக்கம் இருக்கும். ஒன்றின் குமிழில் மற்றது உட்காராது. சைக்கிளுக்கு வயது பார்க்கும்போது முதலில் பற்றவைத்ததைப் பார், திருகி மாட்டினதை அப்புறம் பார்.

மாமா: சரியாகச் சொன்னாய் பாப்பா.

மாமா: திண்டுக்கல்லில் நான் கடை வைத்திருந்தபோது ஒருவர் ராலே வண்டியை ஓவராயிலுக்கு விட்டார். பின் சக்கரத்தின் நடுவில் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப். அந்த ஹப் மேலேயே வருடமும் மாதமும் வெட்டியிருக்கும். 58 என்று இருந்தது. ஐயா உங்கள் வண்டி 58ஆம் வருடத்து வண்டி என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். வண்டி அவருடைய அப்பா 52இல் வாங்கியது, பில் இருக்கிறது, பின் சக்கரம் மட்டும் விபத்துக்குப் பிறகு வேறு வண்டியிலிருந்து போட்டது என்றார்.

அத்தை: இந்தக் கதையை நாற்பது வருடமாகச் சொல்கிறார்.

கார்த்தி: மாமா, இந்த ஊர்ச் சைக்கிளில் அப்படி வெட்டியிருக்காதா?

வித்யா: இருக்கும், எழுத்தில். பாகங்கள் ஷிமானோ கம்பெனிதானே? கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கிற தண்டைத் துடைத்து உள்பக்கம் பார். ஆங்கில எழுத்து இரண்டு சின்னதாக இருக்கும்.

கார்த்தி: பார்த்தேன். வி, ஐ, ஏ. மூன்று எழுத்து.

வித்யா: அதை விட்டுவிடு! அது ஜப்பானில் சைக்கிள் பாகங்களைச் சோதிக்கும் சங்கத்தின் முத்திரை, தேதி இல்லை. எல்லோரும் முதலில் அதில்தான் ஏமாறுவார்கள். நானும்தான்.

கார்த்தி: சரி, பல் தேய்க்கிற பிரஷ் போட்டுத் தேய்த்தேன். எல், எச் என்று இன்னொரு இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் எஃப்சி-எம்டி60.

அம்மா: எந்த பிரஷ்?

கார்த்தி: பழைய பிரஷ் அம்மா.

வித்யா: முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். ஏ என்றால் 1976. அங்கிருந்து எண்ணிக்கொண்டே போனால் இசட் வரும்போது 2001. மாதம் ஏ ஜனவரி, எல் டிசம்பர். உன்னுடையது எண்ணு.

கார்த்தி: எல் பன்னிரண்டாவது எழுத்து, அப்படியானால் 1987. எச் எட்டாவது, ஆகஸ்ட். 1987 ஆகஸ்ட்!

வித்யா: எம்டி60 என்றால் ஷிமானோவின் டியோர் வரிசை. பல்சக்கரம் முழு வட்டமாக இல்லாமல் கொஞ்சம் கோணலாக இருக்குமே?

கார்த்தி: ஆமாம். கீழே விழுந்து நெளிந்துவிட்டது என்று நினைத்து வருத்தப்பட்டேன்.

வித்யா: நெளியவில்லை, செய்ததே அப்படி. பயோபேஸ் என்று பெயர். அதைத் தட்டி நேராக்கிவிடாதே. கியர் மாற்றுகிற டிரெய்லரையும் பார்.

மாமா: டிரெய்லர் இல்லை பாப்பா, டிரெய்லியர்.

வித்யா: போன் மாற்றிவிட்டது மாமா. டிரெய்லியர்தான்.

கார்த்தி: ஆர்டி-எம்550. டியோர் எல்எக்ஸ் என்று எழுதியிருக்கிறது. பின்பக்கம் பி, டி. பி பதினாறாவது, 1991. டி ஏப்ரல். குழப்பமாக இருக்கிறதே. கிராங்க் 87, இது 91. எதை நம்புவது?

மாமா: இரண்டையும் நம்பு. கிராங்க் அப்போது வந்தது, இது அப்புறம் வந்தது.

வித்யா: எம்550 வந்ததே 90 வாக்கில்தான், யு பிரேக் ஃபிரேமோடு சேர்ந்து பிறந்திருக்காது. கைப்பிடியில் கியர் லீவர் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?

கார்த்தி: மேலே. கட்டைவிரலால் தள்ளுகிற மாதிரி.

வித்யா: பழைய தம்ப் ஷிஃப்டர். கீழே பொத்தான் மாதிரி அழுத்துகிற ரேபிட்ஃபயர் 80களின் கடைசியில் வந்து இதை மெதுவாகத் தள்ளிவிட்டது. வலது பக்க லீவரில் எத்தனை நிலை என்று எண்ணு. பின்னால் எத்தனை பல்சக்கரம் என்றும் எண்ணு.

கார்த்தி: லீவரில் நிலையே இல்லை. வழுக்கிக்கொண்டு போகிறது.

வித்யா: லீவர் நடுவில் ஒரு வளையம் இருக்கும், அதைத் திருப்பு.

கார்த்தி: ஓ! இப்போது டக் டக் என்கிறது. ஆறு நிலை. பின்னால் எண்ணினால் ஏழு பல்சக்கரம்.

மாமா: ஹா ஹா. பின் சக்கரமும் மாறியிருக்கிறது. என் ராலே மாதிரியேதான்.

வித்யா: அதேதான் மாமா. 91க்குப் பிறகு யாரோ பின் சக்கரத்தையும் டிரெய்லியரையும் சேர்த்து மாற்றியிருக்கிறார்கள். ஏழுக்கு லீவர் ஒத்துவராததால் வளையத்தைத் திருப்பி, கையால் தடவித் தடவிக் கியர் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். கார்த்தி, பிரேக் லீவர், முன் ஹப், யு பிரேக் மூன்றையும் பார்த்துவிடு.

(அரை மணி நேரத்துக்குப் பிறகு)

கார்த்தி: பிரேக் லீவர் எல், ஜி. யு பிரேக்கும் எல், ஜி. முன் ஹப் எல், எஃப். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், மூன்றும் 1987. அப்படியானால் இது 87 மாடல்!

வித்யா: 88 என்று சொல்லுவேன். பாகம் செய்த தேதி வேறு, வண்டி கடைக்கு வந்த தேதி வேறு. ஆகஸ்டில் செய்த கிராங்க் கப்பல் ஏறி, கம்பெனிக்குப் போய், வண்டியில் மாட்டி வெளியே வர மாதங்கள் ஆகும். அடுத்த வருட மாடலை முந்தின வருடக் கடைசியிலேயே கொண்டுவந்துவிடுவார்கள். இந்த வண்டி 87 ஆகஸ்டுக்கு முன்னால் முழுசாக இருந்திருக்க முடியாது, அது மட்டும் உறுதி.

கார்த்தி: ஸ்டம்ப்ஜம்பர்தானா?

வித்யா: ஷிமானோ பாகம் பத்துக் கம்பெனி வண்டியில் இருக்கும், அதை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. வண்டியைக் கவிழ்த்துப் பி.பி. (பாட்டம் பிராக்கெட், பெடல் அச்சு சுழல்கிற இடம்) அடியில் இருக்கிற நம்பரைப் படம் எடு. பெயின்ட்டைச் சுரண்டாதே, தின்னர் தொட்டுத் துணியால் துடை. அடியில் பழைய கலர் தெரிந்தால் அதையும் அனுப்பு.

அம்மா: 82 என்று சொல்லி ஏமாற்றிவிட்டானே. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

வித்யா: 40 டாலருக்கு இது லாபம் அம்மா. பாதிக்கு மேல் அசல் பாகம் அப்படியே இருக்கிறது. இவன் இருக்கிற ஊருக்குக் கொஞ்ச தூரத்தில்தான் கலிபோர்னியாவின் டாமல்பைஸ் மலை. மலை சைக்கிள் கூத்தெல்லாம் 70களில் அந்தப் பக்கம் தொடங்கியதுதான். ஒரு சரிவுக்குப் பெயரே ரீபேக்.

மாமா: அது என்ன பெயர்?

வித்யா: அப்போது பழைய கனமான சைக்கிள்தான் மாமா, பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக். இறங்குவதற்குள் சூட்டில் ஹப்பில் இருக்கிற கிரீஸ் புகைந்து போய்விடும். கீழே வந்ததும் திரும்பக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் ரீபேக்.

மாமா: ஓவராயில் என்று சொல்! நம் ஊரில் வருடத்துக்கு ஒரு தடவை, அங்கே இறக்கத்துக்கு ஒரு தடவை.

கார்த்தி: நானே ஓவராயில் செய்யப்போகிறேன் மாமா. பி.பி. கழற்ற ஸ்பேனர் இரவல் வாங்கி வந்துவிட்டேன்.

மாமா: செயின் பக்கக் கப் எதிர்த் திருகு. வழக்கமாகத் திருப்புகிற மாதிரி திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும். ஜாக்கிரதை.

கார்த்தி: மாமா.

கார்த்தி: பத்து நிமிடமாக வழக்கமாகத் திருப்புகிற மாதிரிதான் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

மாமா: வீடியோ கால் போடு.