விமர்சகர்கள் கொடுத்தது 90, ஸ்டீமில் ‘கலவை’: எதை நம்பி வாங்குவது?

வைகைக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று கேம்களை மட்டுமே முழு விலை கொடுத்து வாங்குகிறவன் நான். அதனால் வாங்குவதற்கு முன் விமர்சகர்களின் மதிப்பெண்களைப் பார்த்துவிடுவது என் வழக்கம். சென்ற ஆண்டு 90க்கு மேல் பெற்றிருந்த ஒரு கேமை அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்கினேன். ஒவ்வொரு கதவையும் திறந்து அடுத்த அறைக்குள் நுழையும்போது என் மடிக்கணினியில் அது ஒரு விநாடி உறைந்து நின்றது. சண்டைக்கு நடுவில் உறைந்தால் ஆள் காலி. நான் படித்திருந்த விமர்சனங்களில் ஒன்றில்கூட இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இப்போது ‘மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்’ வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். 2025 பிப்ரவரி 28 அன்று வெளியான இந்த கேமுக்கு, விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக்கில் 90ஐ ஒட்டிய மதிப்பெண் இருக்கிறது. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமிலோ, வாங்கியவர்களின் மதிப்பீடு வெளியான நாளிலேயே ‘கலவை’ என்று விழுந்து, பிறகு இன்னும் கீழே போனது. முதல் மாதத்திலேயே ஒரு கோடி பிரதிகள் விற்றதாகவும் படித்தேன். ஒரே கேமைப் பற்றி விமர்சகர்களும் வாங்கியவர்களும் இவ்வளவு தூரம் விலகி நிற்பது எப்படி? என்னிடம் இருப்பது 6 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் உள்ள மடிக்கணினி. யார் சொல்வதைக் கேட்டு நான் முடிவெடுக்க வேண்டும்?

பழைய கேசட் எழுதியது:

தம்பி, நீங்கள் ஒப்பிடும் இரண்டு எண்களும் ஒரே பொருளை அளப்பவை அல்ல. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஸ்டீமில் யாரும் மதிப்பெண் போடுவதில்லை. பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நூறு பேரில் அறுபது பேர் பரிந்துரைத்தால் 60 சதவீதம் என்று காட்டும். அதை நூற்றுக்கு அறுபது மதிப்பெண் என்று வாசிப்பது தவறு. எல்லோருக்கும் ஓரளவு பிடித்து, ஒருவரையும் ஆழமாகத் தொடாத சிறிய கேம் ஒன்று அங்கே 95 சதவீதத்தை எளிதாகத் தொட்டுவிடும். மாறாக, விளையாட்டு மிகச் சிறப்பாக இருந்தும் பாதிப் பேருடைய கணினியில் ஓடாத கேம், 40க்கும் 69க்கும் இடைப்பட்ட ‘கலவை’ வரிசையில் வந்து நிற்கும். வைல்ட்ஸுக்கு நடந்தது ஏறத்தாழ இதுதான் என்பது என் கருத்து.

மெட்டாகிரிட்டிக்கின் கணக்கு வேறு. 2001இல் தொடங்கிய அந்தத் தளம், ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு, பத்துக்கு எட்டு என்று ஒவ்வோர் இதழும் தன் வழக்கப்படி தருவதை நூற்றுக்கு மாற்றி, இதழுக்கு இதழ் வெவ்வேறு எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. எந்த இதழுக்கு எவ்வளவு எடை என்பதை அவர்கள் வெளியிடுவதில்லை. 2015இல் வந்த ஓப்பன்கிரிட்டிக் அந்த எடையை விட்டுவிட்டு நேரான சராசரியையே தருகிறது. எனக்கு அது கூடுதல் நேர்மையாகப் படுகிறது.

பலரும் கவனிக்காத ஒரு விதியும் மெட்டாகிரிட்டிக்கில் இருக்கிறது. ஓர் இதழ் முதலில் தரும் மதிப்பெண்ணை மட்டுமே அது ஏற்றுக்கொள்கிறது. அந்த இதழே பின்னாளில் மனம் மாறித் தன் மதிப்பெண்ணைத் திருத்தினாலும் அங்கே எதுவும் மாறாது. ‘நோ மேன்ஸ் ஸ்கை’ 2016இல் வந்தபோது பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கு 71, கணினிப் பதிப்புக்கு 61 கிடைத்தன. அதன் பிறகு அதை உருவாக்கிய சிறிய குழு காசு வாங்காமல் ஆண்டுக்கணக்கில் அப்டேட் மேல் அப்டேட் கொடுத்து அதை வேறொரு கேமாகவே ஆக்கிவிட்டது. 2024 இறுதியில் ஸ்டீமின் மொத்த மதிப்பீடு ‘மிகவும் நேர்மறை’ என்று உயர்ந்தது. மெட்டாகிரிட்டிக்கில் இன்றும் அதே 71, அதே 61. நீங்கள் பார்க்கிற எண் இன்றைய கேமுடையதா, வெளியான வாரத்துடையதா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலைநேர ஆட்டம் எழுதியது:

சில ஆண்டுகள் ஓர் இணைய இதழுக்கு கேம் விமர்சனம் எழுதியவள் என்ற முறையில், அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

வெளியீட்டுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பாக, தயாரிப்பாளரிடமிருந்து கேமைத் திறப்பதற்கான ஒரு குறியீடு வரும். கூடவே ஒரு கடிதமும் வரும்: இந்த நாளில், இந்த மணிக்கு முன் எதையும் வெளியிடக் கூடாது; இந்த அத்தியாயத்துக்கு மேல் நடப்பதைச் சொல்லக் கூடாது; இன்னின்ன குறைகள் எங்களுக்குத் தெரியும், வெளியாகும் நாளில் வரும் பேட்ச் எனும் திருத்தம் அவற்றைச் சரிசெய்துவிடும். நாற்பது மணி நேர கேமை ஐந்து இரவுகளில் முடித்துவிட்டு எழுத உட்காரும்போது, அந்த வாக்குறுதிக்கு எவ்வளவு மதிப்பெண் குறைப்பது என்ற கேள்வி எழுத்தாளர் முன் நிற்கும். நம்பிக் குறைக்காமல் விட்டதும் உண்டு, நம்பாமல் குறைத்ததும் உண்டு. இரண்டிலும் நான் தவறியிருக்கிறேன்.

இதில் எந்தக் கருவிக்கான குறியீடு வந்தது என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். ‘சைபர்பங்க் 2077’ 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது. அதற்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டுமே. தாங்களே பதிவு செய்த காட்சிகளைக் காட்டவும் அப்போது அனுமதி இல்லை, நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் பயன்படுத்த முடிந்தது. முதல் நாளில் வந்த உயர்ந்த மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, பழைய பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்களும் முன்பதிவை அப்படியே விட்டுவைத்தார்கள். கணினிப் பதிப்பு இறுதியில் 86இல் நின்றது. பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்குப் பிறகு வந்து சேர்ந்த மதிப்பெண் 57. ஏறத்தாழ ஒரு வாரத்தில், பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தன் இணையக் கடையிலிருந்து அந்த கேமையே எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. மறுபடியும் அது கடைக்கு வந்தது 2021 ஜூனில்தான். 86 பொய் இல்லை, 57உம் பொய் இல்லை. தன் வீட்டில் இருக்கும் பெட்டிக்கு எந்த எண் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள வாசகருக்கு அன்று வழி இல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

வைல்ட்ஸுக்கும் இதையே பொருத்திப் பாருங்கள். விமர்சனங்களில் எத்தனை பிளேஸ்டேஷன் 5இல் விளையாடி எழுதப்பட்டவை என்பதை மட்டும் பிரித்துப் பார்த்தாலே உங்கள் குழப்பம் பாதி தெளிந்துவிடும். சண்டையின் சுவையையும், மழைக்கும் வெயிலுக்கும் மாறும் காட்டையும் புகழ்ந்தவர்கள் உண்மையைத்தான் எழுதினார்கள். ஆனால் உங்களுக்கு வேண்டியது டிஜிட்டல் ஃபவுண்டரி போன்ற தொழில்நுட்பச் சோதனையாளர்களின் கருத்து. 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டுகளிலேயே படங்கள் மங்கலாகவும் ஓட்டம் சீரற்றும் இருப்பதை அவர்கள் காட்டியிருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது 6 ஜிபி.

சுண்ணாம்புச்சுவர் எழுதியது:

மேலே இருவரும் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் இதைப் படிப்பவர்கள், விமர்சகரை விட்டுவிட்டு வாங்கியவர்களின் கூட்டத்தை நம்பிவிடலாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

2020 ஜூன் 19 அன்று ‘த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ வெளியானது. இருபது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் கேம் அது. சில மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் மெட்டாகிரிட்டிக்கில் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். விமர்சகர்களின் சராசரி 93ஆக இருக்க, பயனர் மதிப்பெண் முதல் நாட்களில் பத்துக்கு நான்கைக்கூடத் தொடவில்லை. வெளியான முதல் 36 மணி நேரத்துக்குப் பயனர்கள் மதிப்பெண் போட முடியாது என்று அந்தத் தளம் விதி கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான்.

அதே சமயம், கூட்டத்தின் கோபம் எல்லாமே வீண் என்றும் நான் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் வந்த ‘டிராகன்ஸ் டாக்மா 2’க்கு விமர்சகர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள், கேமுக்குள் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பொருள்களின் பட்டியல் வெளியான நாளில்தான் கடையில் தெரிந்தது, அதைப் பார்த்ததும் வாங்கியவர்கள் ஸ்டீமில் கோபத்தைக் கொட்டினார்கள். அதே ஆண்டு மே மாதம், ‘ஹெல்டைவர்ஸ் 2’ விளையாட பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்ததும், லட்சக்கணக்கானோர் ஸ்டீமில் எதிர்மறையாக எழுதினார்கள். சில நாட்களில் சோனி பின்வாங்கியது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் அந்த வாரத்தில் மட்டும் ஸ்டீமைப் பார்த்த ஒருவர், கேமே மோசம் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

2025 செப்டம்பரில் ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ வந்தபோது சீன மொழி பேசுவோரிடம் மட்டும் மதிப்பீடு சரிந்தது, மொழிபெயர்ப்பு செயற்கையாக இருந்ததுதான் காரணம். ஸ்டீம் இப்போது மொழிவாரியாக மதிப்பீட்டைப் பிரித்துக் காட்டுவதால் அது தெரிந்தது. ஆகவே சதவீதத்தைப் பார்த்துவிட்டு நகர வேண்டாம். எதிர்மறையாக எழுதியவர்களில் இருபது மணி நேரத்துக்கு மேல் விளையாடிய பத்துப் பேரைப் படியுங்கள். எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்பது ஒவ்வொன்றின் தலையிலும் இருக்கிறது.

இன்னொன்றும் என் மனத்தில் இருக்கிறது. 2010இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ கேமை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம் இருந்தது. வந்தது 84. இதை அந்த நிறுவனத்தின் கிறிஸ் அவெலோன் 2012இல் வெளிப்படையாகச் சொன்னார். பதினெட்டு மாதம் போல உழைத்தவர்களின் கூலியில் ஒரு பங்கு, யாரோ ஓர் இதழாசிரியர் எட்டா எட்டரையா என்று தயங்கிய தயக்கத்தில் போயிருக்கலாம். அதனால்தான் இந்த எண்களை வாங்குவோர் பார்க்கிற அளவுக்குக்கூட நிறுவனங்கள் பார்க்கக் கூடாது என்று வாதிடுகிறேன்.

இட்லித்தட்டு எழுதியது:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். எண்களே தேவையில்லை என்று நினைப்பவள் நான். கேம் விமர்சன இதழான யூரோகேமர் 2015இல் மதிப்பெண்ணைக் கைவிட்டது. 2023இல் ஐந்து நட்சத்திர முறையோடு அதற்கே திரும்பியது. திரட்டும் தளங்களில் இடம்பெறாவிட்டால் வாசகர் கண்ணில் படுவதே கடினம் என்ற நெருக்கடி எந்த இதழுக்கும் உண்டு. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ‘வெண்பா’வை எடுத்துக்கொள்ளுங்கள். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட, 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அம்மா கொடுத்த சமையல் புத்தகத்தில் எழுத்து அழிந்துபோயிருக்க, இட்லிக்கு மாவை ஊற்றிய தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேல் தட்டுக்கும் போகும் என்று நாமே பார்த்து அடுக்க வேண்டும். அந்த இடத்தில் என் கை யோசிக்காமலே தட்டைத் திருப்பியது; எங்கள் வீட்டில் அம்மா திருப்புவது போல. விமர்சகர்களின் சராசரி 80ஐ ஒட்டி இருந்தது, பலர் நீளம் போதவில்லை என்று எழுதினார்கள். மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது. நூறு மணி நேரம் ஓடி 96 வாங்கிய ‘பால்டர்ஸ் கேட் 3’உம் இதுவும் ஒரே அளவுகோலில் பதினாறு புள்ளி தள்ளி நிற்கின்றன என்று சொன்னால், அந்தப் பதினாறு எதைக் குறிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வைல்ட்ஸைத் தயாரித்த கேப்காம், நம் கணினியில் கேம் எப்படி ஓடும் என்று சோதிக்கும் ஒரு பெஞ்ச்மார்க்கை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. மற்றவர் கருத்தைத் தேடுவதற்கு முன் அதை உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். வாங்கினாலும், 14 நாட்களுக்குள் கேட்டு, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். முதல் முறை திறக்கும்போது ஷேடர்களை (காட்சிகளை வரையும் சிறு நிரல்களை) தொகுக்க எடுக்கும் நேரமும் அந்த இரண்டு மணியில் சேரும் என்பதை நினைவில் வையுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு அந்த பெஞ்ச்மார்க்கை இரண்டு முறை ஓட்டினேன். முடிவில் சராசரி விநாடிக்கு 47 பிரேம்கள் என்று வந்து, விளையாடலாம் என்ற தொனியில் ஒரு வரியும் காட்டியது. ஆனால் மூலையில் ஓடிக்கொண்டிருந்த எண்ணை முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் வரும் கதைக்காட்சியில் அது 60ஐத் தாண்டியது; புல்வெளியில் விலங்குக் கூட்டம் நிற்கும் இடத்துக்கு வந்ததும் 29க்கு இறங்கி, கிராமத்துக்குள் நுழையும்வரை 35ஐத் தாண்டவே இல்லை. வேட்டை நடப்பது அந்தப் புல்வெளியில்தான்.

வைல்ட்ஸை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். ‘இட்லித்தட்டு’ அக்கா, வெண்பா என் மடிக்கணினியில் சிரமமில்லாமல் ஓடுகிறது; புட்டு செய்யும் அத்தியாயம் வரை வந்திருக்கிறேன், மீதியை ஊரிலிருந்து அம்மா வந்ததும் சேர்ந்து விளையாடலாம் என்று நிறுத்திவைத்திருக்கிறேன்.