மறுபயன்பாட்டில் தெர்மோலைசின் செயல்திறன் சரிகிறது: உதவி தேவை

வணக்கம். கோவையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பின் முன்னோடிப் பெப்டைடை (அமினோ அமிலங்களின் சிறு தொடர்) தெர்மோலைசின் என்ற நொதி கொண்டு தயாரிக்கிறோம். வேதிமுறையில் கசப்பான பீட்டா வடிவமும் சேர்ந்து வரும். தெர்மோலைசின் இனிப்பான ஆல்ஃபா வடிவத்தை மட்டும் தரும். அதனால்தான் இந்த வழியை விட மனமில்லை.

நொதியை மீண்டும் மீண்டும் பயன்படுத்த, கைட்டோசான் (கைட்டினிலிருந்து பெறும் பலபடி) பூசிய காந்தத் துகள்களில் குளூட்டரால்டிஹைடு என்ற இணைப்பு வேதிப்பொருள் மூலம் பிணைத்திருக்கிறோம். கரைப்பான் நீர் நிறைவுற்ற எத்தில் அசிட்டேட், வெப்பநிலை 40 டிகிரி. முதல் இரண்டு சுழற்சிகள் அருமை. நான்காவதில் விளைச்சல் பாதிக்கும் கீழே.

கழுவிய நீரில் புரதம் ஏறக்குறைய இல்லை, ஆகவே நொதி கழன்று போகவில்லை. துகள் எடையும் குறையவில்லை. இந்த நொதி கால்சியம் இழந்தால் குலையும் என்பதால், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பாஸ்பேட் தாங்கலை (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) விட்டுவிட்டு, கால்சியம் குளோரைடு கலந்த எம்.இ.எஸ். என்ற வேறொரு தாங்கலில் (பி.எச். 6) கழுவினேன். கொஞ்சம் தேறியது, போதவில்லை. பிணைப்பு நேரத்தைக் கூட்டியபோது தொடக்கத் திறனே குறைந்தது.

நீரில் எளிதில் கரையாத விளைபொருள் துகள் மேல் படிகிறதோ என்று சந்தேகம். எத்தில் அசிட்டேட் நொதியைச் சுற்றியுள்ள நீரை உறிஞ்சுவதாகவும் இருக்கலாம்.

இவற்றில் எது காரணம் என்று பிரித்தறிய என்ன சோதனை செய்யலாம்?