புதுப்பிப்பு: 6220 எண் நீராவி எஞ்சின், அமெரிக்கப் படம் கிடைத்தது

லண்டன் – கிளாஸ்கோ கொரோனேஷன் ஸ்காட் ரயிலின் 6220 எஞ்சினை 1939-இல் அமெரிக்காவில் எடுத்த படம் வேண்டும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

ரயில் பெயரைப் போட்டுத் தேடியதில் சுவரொட்டிகள்தான் வந்தன. 1937-இல் தொடங்கி, போர் வந்ததும் 1939-லேயே நின்றுபோன வண்டி. படம் குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை. "பெயரை விடுங்கள், எஞ்சின் போன அமெரிக்க ஊரான பால்டிமோர், 1939 என்று ஊரையும் ஆண்டையும் போடுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. மூன்று படங்கள் சிக்கின.

எதிர்பாராதது அப்புறம்தான். படத்தில் இருப்பது 6220-யே இல்லை! உண்மையில் அது 6229, டச்சஸ் ஆஃப் ஹாமில்டன். அமெரிக்கப் பயணத்துக்காக இரண்டு எஞ்சின்களும் பெயரையும் எண்ணையும் மாற்றிக்கொண்டன. 1943-இல்தான் திரும்ப மாற்றினார்கள். ஆகவே அந்த ஆண்டுகளின் படங்களில் எண்ணை நம்பாதீர்கள். முன்னால் பெரிய விளக்கும் மணியும் இருந்தால் அது அமெரிக்கா போன 6229.

அதே எஞ்சின் இப்போது யார்க் ரயில் அருங்காட்சியகத்தில், 2009-இல் திரும்பப் பொருத்திய, காற்றுத் தடையைக் குறைக்கும் வளைவான உலோக உறையோடு இருக்கிறது.