மறு: காலிமேட்டர் – 'இணையாக்கி' பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். கதிர்களை ஒழுங்குபடுத்தும் காலிமேட்டருக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் கேட்டிருந்தார்:

> இணையாக்கி என்றே வைத்துக்கொள்ளலாமே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, லென்ஸ் வைத்த காலிமேட்டருக்கு அது சரி. விரிந்து வரும் ஒளி அங்கே உண்மையாகவே இணைகதிராக வெளியேறுகிறது. காமாக் கதிரை வளைக்கத்தான் லென்ஸே கிடையாதே! அங்கே காலிமேட்டர் என்பது துளைகள் நிறைந்த ஈயத் தகடு. துளைக்கு நேராக வருவதை விட்டுவிட்டு, சாய்ந்து வருவதை ஈயம் விழுங்கிவிடுகிறது, அவ்வளவுதான். எதையும் இணையாக 'ஆக்கு'வதில்லை.

சிஎம்சி மருத்துவமனை இருக்கிற ஊர் என்பதால் வேலூரில் என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காமா கேமரா (உடலில் ஏற்றிய கதிரியக்க மருந்து வீசும் காமாக் கதிரைப் படமாக்கும் கருவி) மேல் ஆர்வம் அதிகம். பலர் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்து வந்தவர்கள். 'இணையாக்கி' என்றால், வருகிற கதிரெல்லாம் நேராகி உள்ளே போகிறது என்று விடைத்தாளில் எழுதிவைக்கிறார்கள். கழித்துப்போட்ட காலிமேட்டர்த் துண்டு ஒன்றை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். அறுகோணத் துளை அத்தனையிலும் வெளிச்சம். கொஞ்சம் சாய்த்ததும் முழு இருட்டு.

மார்பகப் புற்றுநோய்க்கான சின்னக் கேமராவில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். செஸ்டமிபி என்ற மருந்தோடு உடலில் ஏற்றும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம், 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிரை எல்லாத் திசையிலும் வீசுகிறது. 10,000-இல் ஒன்றிரண்டுதான் துளைவழியே உணரியைத் தொடும். துளையை அகலமாக்கினால் எண்ணிக்கை கூடும், ஆனால் படம் மங்கும். தூரம் கூடக்கூட மங்கலும் கூடும். ஹால் ஆங்கர் 1950களில் உருவாக்கிய வகைப் பெரிய கேமராவின் ஓரத்தில் படம் பிடிக்காத விளிம்பு சில சென்டிமீட்டர் உண்டு. மார்பகத்தை ஒட்டி வைக்க வழியில்லை, 1 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகள் நழுவிவிடும். சின்னக் கேமராவில் உணரியாக இருப்பது காட்மியம் துத்தநாக டெல்லுரைடு படிகம். விளிம்பு மெலிது, மார்பகத்தை லேசாக அழுத்தி ஒட்டியே வைக்கலாம். தூரம் குறைந்ததால் துளையை அகலமாக்கத் துணிந்தார்கள்; டங்ஸ்டனில் செய்து, துளைகளை உணரியின் படப்புள்ளிகளோடு (பிக்சல்) ஒன்றுக்கொன்று பொருத்தினார்கள். ஏற்றும் அளவை 740 மெகாபெக்கரெலிலிருந்து (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) 300 அளவுக்கு இறக்க முடிந்ததில் இந்தத் தகட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, சொல்லுக்கு வருவோம். 'கதிர்ச்சல்லடை' வேண்டாம்: சல்லடை பருமன் பார்க்கும், இது திசை பார்க்கும். 'ஈயத்துளைத்தகடு' டங்ஸ்டனுக்கு ஆகாது. 'சாய்கதிர்த் தடுப்பி' எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் தைராய்டுக்குப் போடும் ஊசித்துளை வகை சாய்கதிரையும் வாங்கிக்கொள்கிறது.

என் முன்மொழிவு: 'திசைவடி'. வடிகட்டி தெரியாதவர் யார்? எதை வைத்து வடிக்கிறது என்பதும் பெயரிலேயே வந்துவிடுகிறது. இணைதுளைத் திசைவடி, ஊசித்துளைத் திசைவடி என்று நீட்டவும் வசதி. 'வடி' என்றதும் சோற்றுக்கஞ்சி நினைவுக்கு வருமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். வரட்டுமே!

மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். பாடக்குறிப்பு இன்னும் அச்சுக்குப் போகவில்லை, மாற்றிவிடலாம். காமாக் கதிர் பட்டால் ஒளிரும் சிண்டில்லேட்டருக்குத் தனி இழை தொடங்குகிறேன், இதில் கலக்க வேண்டாம்.