வண்டிச் சன்னலுக்குத் தைக்கும் வெப்பக்காப்பு மறைப்பு: தமிழில் என்ன சொல்லலாம்?

பெரம்பூரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

பழைய ஆம்னி, டெம்போ டிராவலர் மாதிரி வண்டிகளை, உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துத் தூங்கும் வீடாக மாற்றிக்கொள்கிறவர்களுக்குத் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பொருளுக்குப் பெயர் அமையாமல் நிற்கிறது. வண்டியை ஓரம் கட்டியதும் ஒவ்வொரு சன்னல் கண்ணாடிக்கும் உள்பக்கமாகப் பொருத்துகிற, வீட்டிலேயே தைத்த தடித்த மறைப்பு அது. கண்ணாடிப் பக்கம் வெள்ளி மாதிரி மின்னும் குமிழித் தாள், நடுவில் பஞ்சு, நம்மைப் பார்த்த பக்கம் கெட்டித் துணி, சுற்றிலும் பைப்பிங், ஓரத்துக்குள் சின்னச் சின்னக் காந்தங்கள். கத்திரி வெயிலில் சூடு உள்ளே ஏறாமல் காக்கும். ஊட்டி, கொடைக்கானல் போனால் உள்ளே இருக்கிற கதகதப்பை வெளியே விடாது. ஆங்கிலத்தில் இன்சுலேட்டட் விண்டோ கவர் என்கிறார்கள்.

இதுவரை வந்த பெயர்கள்: வெப்பக்காப்புச் சாளர மறைப்பு, சன்னல் போர்வை, காப்புத் திரை. எனக்குக் காப்புத் திரை பிடித்திருக்கிறது. சின்னதாக இருக்கிறது, வாயிலும் நிற்கிறது. வண்ணாரப்பேட்டை அக்கா கட்டாயம் கருத்துச் சொல்லணும், இதைத் தைக்கிறவர் அவர்தான். வண்டியைக் கேரவன் என்பதா, நம் பழைய கூண்டு வண்டியை மீட்பதா என்பதை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

தம்பி, திரை மட்டும் வேண்டாம்.

திரை என்றால் மேலே ஒரு கம்பியில் தொங்கும், கீழே ஆடும். காப்புத் திரை என்ற தலைப்பைப் பார்த்ததுமே படிக்கிற ஆள் ஒரு கம்பியும் நாலு வளையமும் வாங்கிவிடுவார். அப்படித் தொங்கவிட்டால் பாதி வேலை வீண். கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவில் சூடேறிய காற்று மேல் இடுக்கு வழியாக வண்டிக்குள் வரும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து வேறு காற்று போகும். வெயில் இருக்கிற வரைக்கும் இந்தச் சுற்று நிற்காது. மலையில் இதுவே தலைகீழ்: கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று கீழே இறங்கி, படுத்திருக்கிறவர் மேல் வழியும். நாம் தைப்பது சட்டத்துக்குள் நாலு ஓரமும் ஒட்டி உட்கார வேண்டிய சாமான். பெயரைக் கேட்டாலே அது புரியணும் என்பதுதான் என் கட்சி.

போர்வையும் இதனால்தான் சரிவராது. போர்வை தொய்யும், எதன் மேலும் கிடக்கும், அளவு பார்க்காது. இது ஒவ்வொரு சன்னலுக்கும் செய்தித்தாளை விரித்து, ஓரத்தை நகத்தால் கீறி அச்செடுத்து வெட்டுவது. ஒரு கண்ணாடிக்கு வெட்டியது இன்னொன்றுக்குப் பொருந்தாது.

மறைப்பு என்ற சொல்லில் எனக்கு இன்னும் பெரிய கவலை உண்டு. மறைப்பு என்றால் பார்வையை மறைப்பது. கருப்புத் துணி கட்டினாலும் அது மறைப்புதான். உள்ளே ஆள் தூங்குவது வெளியே தெரியக் கூடாது என்று நிறையப் பேர் கண்ணாடிப் பக்கம் கருப்புத் துணி வைத்துத் தைக்கிறார்கள். குளிர் நாட்டுக்காரர் செய்து காட்டும் வீடியோவைப் பார்த்து வருகிற பழக்கம் அது. நம் ஊர் மே மாதத்துக்கு அது ஆகாது. கண்ணாடி வெயிலை உள்ளே விட்டுவிடும். கருப்புத் துணி அதை விழுங்கிச் சூடாகும். சூடான துணி வீசுகிற அனல் வேறு வகை, அது கண்ணாடியைத் தாண்டி நேராக வெளியே போகாது. வண்டிக்குள்ளேயேதான் கிடக்கும். வெயில் வெயிலாக இருக்கும்போதே அதைத் திருப்பி அனுப்பிவிடணும். அதற்குத்தான் மினுக்குப் பக்கம் கண்ணாடியைப் பார்க்கணும் என்று சொல்வது.

மினுக்குப் பக்கம் கண்ணாடியோடு அப்பிக்கொள்ளாமல் நடுவில் கொஞ்சம் காற்று இருப்பதும் நல்லது. பளபளப்பான அலுமினியத் தாள் தன் மேல் படும் அனலில் 95 விழுக்காட்டுக்குப் பக்கமாகத் திருப்பிவிடும், ஆனால் சூடான ஒன்று அதன் மேல் ஒட்டிக்கொண்டால் கரண்டி மாதிரி சூட்டைக் கடத்திவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் அந்த வெள்ளி ஷீட்டை அடிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை வீடுகளில் கூரைக்கும் ஷீட்டுக்கும் நடுவில் ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம் கொடுத்துத்தான் அடிப்பார்கள்.

சரி, பெயருக்கு வருகிறேன். நான் முன்வைக்கும் சொல் தட்டி.

வெட்டிவேர்த் தட்டி என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். சன்னலிலும் வாசலிலும் கட்டித் தண்ணீர் தெளித்தால், வரும் காற்று குளிர்ந்து வரும். டீக்கடைக்கு முன்னால் மேற்கு வெயிலுக்குக் கட்டுவது கீற்றுத் தட்டி. பால்கனியில் கட்டுவது மூங்கில் தட்டி. மூன்றும் திறப்பில் வைத்து எடுக்கக் கூடியவை. மூன்றும் வெயிலுக்காகவே வந்தவை. தொங்கி ஆடாமல் ஒரு உருவத்தோடு நிற்கும். நமக்கு வேண்டிய குணம் அத்தனையும் இந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஒன்றும் ஏற்ற வேண்டியதில்லை.

எம்.சி. ரோடு பக்கத்துச் சந்தில் பவர் மெஷின் வைத்திருக்கிற ஒரு தையல்காரரிடம் பைப்பிங் அடிக்கக் கொடுத்தேன். என் வீட்டு மெஷினில் அந்தத் தடிமனுக்கு மூலை திரும்பாது. அவர் ஒன்றை எடுத்து ஓரத்தைப் பிடித்து நிமிர்த்தினார். அது வளையாமல் நின்றது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, மெத்தையா தட்டியா?" என்று கேட்டார். பொருளைக் கையில் பிடித்த ஆளுக்கு வருகிற சொல் இதுதான்.

வெறும் தட்டி போதாது என்பதால் முன்னால் காப்பு சேர்க்கிறேன். மின்காப்பு என்பது மின்வாரியக்காரர் முதல் பள்ளிக்கூடம் வரைக்கும் புழங்குகிற சொல். அதன் பக்கத்திலேயே இதுவும் உட்காரும். ஆக, காப்புத் தட்டி. வெயில் தட்டி என்றால் இன்னும் எளிது, ஆனால் மலைக் குளிருக்கும் இதுவேதான் என்பதால் வேண்டாம்.

இன்னொரு வேண்டுகோள். தையல் கடையில் ஏற்கெனவே இருக்கிற சொற்களைக் கையேட்டில் மாற்றாதீர்கள். பைப்பிங், லைனிங், பாபின், ரீக்ரான் பஞ்சு, பிளாக்அவுட் துணி என்று கேட்டால்தான் எம்.சி. ரோட்டிலும் காடவுன் தெருவிலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

மாதவரத்திலிருந்து:

வண்ணாரப்பேட்டை அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். திரை தவறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். மறைப்பு பற்றிச் சொன்னதும் சரிதான். 2012இல் உச்ச நீதிமன்றம் வண்டிக் கண்ணாடிகளில் கருப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று சொன்ன பிறகு, மறைப்பு என்ற சொல்லைப் பார்த்தாலே படிக்கிறவர் மனம் அந்தப் பக்கம் போகும். நாம் பேசுவது நிறுத்திய வண்டியில் மாட்டி, கிளம்பும்போது கழற்றும் பொருளை. இந்த வேறுபாட்டைக் கையேட்டின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் தட்டியில் எனக்கு இரண்டு தயக்கம். நம் பக்கம் தெருமுனையில் தட்டி வைத்தாச்சா என்று கேட்டால் கட்சி விளம்பரப் பலகையைத்தான் நினைப்பார்கள். அடுத்து, காப்பு. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கட்டுவதும் காப்பு, கையில் போடுவதும் காப்பு. இலங்கைப் பாடநூல்களில் கடத்திக்கு எதிர்ச்சொல்லாகக் காவலி என்று இருக்கிறது. சுருக்கமான, குழப்பம் இல்லாத சொல். வெப்பக் காவலி என்று சொன்னால் என்ன?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

ஐயா, காவலி எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அது பொருளின் தன்மைக்குப் பெயர். ரப்பரும் காவலி, பஞ்சும் காவலி. நாம் தேடுவது தைத்து முடித்த ஒரு சாமானுக்கு. பஞ்சு என்ற காவலியை வைத்துக் காப்புத் தட்டி தைத்தேன் என்று எழுதினால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. கோயில் காப்பைப் பற்றிச் சொன்னீர்கள். அதுவும் தீங்கு அண்டாமல் காக்கக் கட்டுவதுதானே, பொருள் முரண்படவில்லை. கட்சித் தட்டியும் சட்டத்தில் இழுத்துக் கட்டி நிறுத்துவதுதானே.

எனக்குச் சொல்லைவிடக் கையேட்டில் என்ன எழுதப் போகிறார்கள் என்பதில் அக்கறை அதிகம். அதனால் பஞ்சு பற்றிக் கொஞ்சம்.

சூட்டைத் தடுப்பது உண்மையில் பஞ்சு இழை இல்லை, இழைகளுக்கு நடுவில் அசையாமல் மாட்டிக்கொண்ட காற்று. அப்படி நிற்கும் காற்றோடு ஒப்பிட்டால் கண்ணாடி 30 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். அதனால் பஞ்சை நசுக்கினால் காப்பு போய்விடும். அழகுக்காகக் கட்டம் கட்டமாக நெருக்கித் தைக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தையல் ஓடுகிற ஒவ்வொரு கோட்டிலும் பஞ்சு சப்பையாகிவிடும். பஞ்சு நகராமல் இருக்க ஒரு சாண் இடைவெளியில் ஒரு கோடு போதும். குமிழித் தாளில் தையல் நீளமாக, 3 அல்லது 4 மில்லிமீட்டராக வைத்து அடிக்கணும். நெருக்கி அடித்தால் ஊசித் துளைகள் வரிசையாகச் சேர்ந்து, தாள் அந்தக் கோட்டிலேயே கிழியும். ஊசி 16ஆம் நம்பர். நூல் பாலியெஸ்டர்தான், பருத்தி நூல் வெயிலில் இற்றுப்போகும்.

பருத்திப் பஞ்சும் வேண்டாம். மலையில் இரவு முழுக்க நாம் விடுகிற மூச்சின் ஈரம் கண்ணாடியில் போய்ப் படியும். தட்டி வைத்தால் கண்ணாடி இன்னும் குளிர்ந்திருக்கும், ஓர இடுக்கில் நுழைகிற ஈரம் அங்கே இன்னும் வேகமாக நீராகும். பருத்தி அதைக் குடித்துக்கொண்டு பூசணம் பிடிக்கும். ரீக்ரான் என்கிற பாலியெஸ்டர் பஞ்சு தண்ணீரை உறிஞ்சாது, வெயிலில் போட்டால் சீக்கிரம் உலரும். எதுவானாலும் காலையில் கழற்றி, கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் மடித்து வைக்கணும். ஒரு சன்னலிலாவது தட்டிக்குப் பதிலாகக் கொசுவலை போட்டுக் காற்றுக்கு வழி விடச் சொல்லுங்கள். எல்லாத் தட்டியையும் அடைத்துவிட்டு உள்ளே அடுப்புப் பற்றவைக்கவே கூடாது, அது உயிருக்கு ஆபத்து.

காந்தம் பற்றியும் ஒரு வார்த்தை. வண்டியின் உள் ஓரம் வெறும் தகடாக இருந்தால்தான் காந்தம் பிடிக்கும். பிளாஸ்டிக் அட்டை மூடிய வண்டியில் பிரஸ் பட்டனோ வெல்க்ரோவோதான். காந்தத்தை முதலிலேயே வைத்துத் தைக்க உட்கார்ந்தால், அது மெஷின் தகட்டில் போய் ஒட்டிக்கொண்டு துணியை நகர விடாது. ஓரத்தில் சின்னச் சின்னப் பை மாதிரி விட்டு, எல்லாம் முடிந்த பிறகு காந்தத்தை நுழைத்துக் கையால் மூடித் தைக்கணும். அதற்கு அப்புறம் இஸ்திரிப் பெட்டி கிட்டவே போகக் கூடாது. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி தாண்டினால் பலம் இழக்க ஆரம்பித்துவிடும், பிறகு ஆறினாலும் பழைய பலம் திரும்பாது. மெல்லிய இரும்புப் பட்டி கிடைத்தால் வண்டியில் ஒட்டி, தட்டியில் காந்தம் வைப்பதும் ஒரு வழி.

மாதவரத்திலிருந்து:

காவலி பொருளுக்கு, தட்டி சாமானுக்கு. இந்தப் பிரிப்பு எனக்குச் சம்மதம். மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். தட்டியோடு எந்த வினைச்சொல்லைச் சேர்ப்பது? தட்டி கட்டுவது என்று எழுதினால் கயிறு வந்துவிடும்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

வைப்பது, எடுப்பது. ராத்திரிக்குத் தட்டி வெச்சாச்சா என்று வண்டிக்குள் கேட்டால் இயல்பாக இருக்கும் ஐயா.

பெரம்பூரிலிருந்து:

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. காப்புத் திரையைக் கைவிட்டேன். சொற்பட்டியலில் இப்படிப் போடுகிறேன்:

காப்புத் தட்டி: நிறுத்திய வண்டியின் சன்னல் சட்டத்துக்குள், நாலு ஓரமும் ஒட்டும்படி உள்பக்கமாக வைத்து எடுக்கும், பல அடுக்காகத் தைத்த வெப்பக்காப்பு. பேச்சில்: சன்னல் தட்டி.

முன் கண்ணாடிக்கு வைக்கிற பெரியதையும் இதே பெயரில் சொல்லலாமா? கடையில் விற்கிற மடக்கு அட்டையும் அங்கேதான் வைக்கிறார்கள், இரண்டும் குழம்பக் கூடாது.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

சொல்லலாம் தம்பி. முன் தட்டி, பக்கத் தட்டி, பின் தட்டி. கடை அட்டையில் பஞ்சு இல்லை, ஓரமும் அடையாது, அதை வெயில் அட்டை என்றே விடுங்கள்.

விளக்கத்தில் 'மினுக்குப் பக்கம் கண்ணாடியைப் பார்க்க' என்ற நாலு சொல்லையும் சேர்த்துவிடுங்கள். அது இல்லாமல் அச்சுக்குப் போக வேண்டாம். அப்புறம், செய்தித்தாள் அச்சைக் கண்ணாடியிலிருந்து எடுப்பதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் இடது, வலது, மேல் பக்கம், மினுக்குப் பக்கம் என்று ஸ்கெட்ச் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். இடது கண்ணாடியும் வலது கண்ணாடியும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் ஒன்றுக்கு வெட்டியதைத் திருப்பி இன்னொன்றில் வைத்தால் மினுக்கு நம் பக்கம் வந்து நிற்கும்.